தண்ணீர், தெருவிளக்கு, மனு: இவற்றுக்கு நடுவே ஊரின் அடுத்த பத்து வருடத்தை எப்போது யோசிப்பது?

கேள்வி
ஊராட்சி மன்றத் தலைவர், தென்காசி மாவட்டம்

வணக்கம். 2021 அக்டோபர் உள்ளாட்சித் தேர்தலில் வென்று எங்கள் ஊராட்சிக்குத் தலைவரானேன். பதவிக்காலத்தில் பாதிக்கு மேல் கடந்துவிட்டது. ஊராட்சி நடத்திய அனுபவம் உள்ளவர்கள் இங்கே இருப்பதால், வெகுநாளாக மனத்தை உறுத்துவதைக் கேட்கிறேன்.

விடிவதற்குள் கைப்பேசி அழைக்கத் தொடங்கிவிடுகிறது. ஒரு தெருவில் தண்ணீர் ஏறவில்லை, இன்னொரு தெருவில் விளக்கு எரியவில்லை, தொட்டி இயக்குபவருக்குக் காய்ச்சல், பள்ளிக்கூடத்துப் பக்கம் வாறுகால் அடைத்து நிற்கிறது. அவற்றைப் பார்த்துவிட்டு அலுவலகம் வந்தால் வீடு கேட்டு மனுவோடு நிற்பவர்கள், நூறு நாள் வேலையில் பெயர் விடுபட்டவர்கள், சுற்றுச்சுவர் கேட்கும் தலைமையாசிரியர். நடுவில் ஒன்றிய அலுவலகத்தில் ஆய்வுக் கூட்டம் என்று செய்தி வரும்; அன்றைய பகல் அதோடு சரி. இவற்றில் எதையும் நான் சுமையாக நினைக்கவில்லை. குடத்தோடு நிற்கும் பெண்ணிடம் "நான் தொலைநோக்குத் திட்டம் யோசித்துக்கொண்டிருக்கிறேன், நாளைக்கு வா" என்று எந்தத் தலைவரால் சொல்ல முடியும்?

ஆனால் நான் தேர்தலில் நின்றது குழாய் பழுது பார்ப்பதற்கு மட்டும் அல்ல. எங்கள் குளம் மூன்று வருடத்துக்கு ஒரு முறைதான் நிறைகிறது. மேலே உள்ள குளம் நிறைந்து மறுகால் பாய்ந்தாலும் எங்களுக்கு வரவேண்டிய தண்ணீர் வழியிலேயே காணாமல் போகிறது. பிசானப் பருவ நெல் பயிரை நம்பி வாழ்ந்த ஊர், இப்போது நிலத்தைத் தரிசாகப் போட்டுவிட்டுக் கட்டட வேலைக்கு வெளியூர் போகிறது. இங்கே பாதி வீடுகளில் பெண்கள் முறத்தை மடியில் வைத்துக்கொண்டு பீடி சுற்றுகிறார்கள். என் தாயும் சுற்றினார், நானும் சுற்றியிருக்கிறேன். இப்போது பத்தாம் வகுப்பு படிக்கும் பெண் பிள்ளைகளாவது முறத்தின் முன்னால் உட்காராமல் இருக்க ஊரில் வேறு என்ன தொழில் கொண்டுவரலாம் என்பது எனக்குள் ஓடிக்கொண்டே இருக்கும் கேள்வி. ஆனால் அதை ஒரு தாளில் எழுதி, எவ்வளவு செலவாகும், யாரைக் கேட்க வேண்டும், எங்கே தொடங்குவது என்று முழுமையாக யோசிக்க ஒரு பகல் பொழுதுகூட வாய்க்கவில்லை.

வருடா வருடம் கிராம ஊராட்சி வளர்ச்சித் திட்டம் என்று ஒன்று தயாரிக்கிறோம். சட்டப்படி அதுதான் ஊரின் கனவை எழுத வேண்டிய இடம். நடப்பது என்னவென்றால், கெடு நாள் நெருங்கும்போது போன வருடப் பட்டியலைப் பிரித்து, முடிந்த வேலைகளை நீக்கி, பேவர் பிளாக் சாலை, சிறுபாலம், கழிவுநீர்க் கால்வாய் என்று நிரப்பி இணையத்தில் ஏற்றிவிடுவோம். அந்தப் பட்டியலில் என் ஊர் எங்கே இருக்கிறது என்று எனக்கே தெரியவில்லை.

ஒரு வேண்டுகோள். நாலு மணிக்கு எழுந்து யோசியுங்கள் என்று மட்டும் சொல்லாதீர்கள். நாலரைக்கு எழுபவள்தான் நான். சமையல், மாமியாருக்கு மருந்து, பிள்ளைகள் என்று அந்த நேரம் ஏற்கெனவே நிரம்பியிருக்கிறது. இதைக் கடந்து வந்தவர்கள் எப்படிச் செய்தீர்கள் என்பதுதான் எனக்குத் தெரிய வேண்டும்.

பதில் 1
முன்னாள் ஊராட்சித் தலைவர், தூத்துக்குடி மாவட்டம்

அன்புள்ள தங்கைக்கு,

இரண்டு முறை தலைவராக இருந்தவன் நான். உங்கள் கேள்வியில் ஒரு இடத்தில் மட்டும் எனக்கு உடன்பாடில்லை. குழாய் வேலை ஒரு பக்கம், ஊரின் எதிர்காலம் இன்னொரு பக்கம் என்று பிரித்து வைத்திருக்கிறீர்கள். என் அனுபவத்தில் இரண்டும் ஒரே வேலை. குழாய்ப் புகாருக்குள்தான் எதிர்காலம் ஒளிந்திருக்கும். அதைத் தோண்டிப் பார்க்கிற அளவுக்கு நாம் அந்தப் புகாரோடு தங்குவதில்லை. மோட்டார் ஓடத் தொடங்கியதும் கிளம்பிவிடுகிறோம்.

எங்கள் ஊரில் நடந்ததைச் சொல்கிறேன். கோடை வந்தால் ஒரு குறிப்பிட்ட ஆழ்துளைக் கிணற்றின் மோட்டார் எரிந்துபோகும். காயில் கட்டக் கொடுப்போம், வாங்கி மாட்டுவோம், அடுத்த வருடம் மறுபடியும் எரியும். மின்னழுத்தம் குறைவு என்று எல்லோரும் சொன்னார்கள், நானும் நம்பினேன். காயில் கட்டும் கடைக்காரர்தான் ஒரு நாள் என்னை உட்கார வைத்துக் காட்டினார்: "அண்ணாச்சி, இது மின்னழுத்தத்தால் எரிந்தது இல்லை. கிணற்றில் தண்ணீர் கீழே இறங்கிவிட்டது. மோட்டார் வெறுமனே ஓடிச் சூடாகி எரிந்திருக்கிறது." அந்த ஒரு பேச்சு எனக்குப் பத்து வருட வேலையைக் கொடுத்தது. தண்ணீர் ஏன் இறங்குகிறது? கிணற்றுக்கு மேற்கே இருக்கும் குளம் நிறைவதில்லை. ஏன் நிறைவதில்லை? குளத்துக்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்கால் முழுக்கச் சீமைக்கருவேலம், ஓரிடத்தில் சாலைக்காரர்கள் போட்ட குழாய் வாய்க்காலின் தரைமட்டத்தைவிட உயரத்தில் இருந்தது. இவை எதுவும் திட்டக் கூட்டத்தில் எனக்குக் கிடைத்தவை அல்ல. எரிந்த மோட்டாரைப் பின்தொடர்ந்து போனேன், அவ்வளவுதான்.

கோவை மாவட்டம் காரமடை ஒன்றியத்தில் உள்ள ஓடந்துறையைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். 1996 முதல் பத்து வருடம் அங்கே சண்முகம் தலைவராக இருந்தார். ஊராட்சியே சொந்தமாகக் காற்றாலை வைத்த ஊர் என்று எல்லோரும் அதன் முடிவை மட்டும் பேசுவார்கள். தொடக்கம் எது என்று பாருங்கள்: குடிநீருக்கும் தெருவிளக்குக்கும் கட்ட வேண்டிய மின்கட்டணம் ஏறிக்கொண்டே போனது. எல்லாத் தலைவர்களும் பார்க்கிற அதே ரசீது. முதலில் தெருவிளக்குகளில் சிலவற்றைச் சூரிய மின்சாரத்துக்கு மாற்றினார்கள். பிறகு மரக்கழிவை எரித்து வாயு எடுத்துத் தண்ணீர் இறைக்கும் 9 கிலோவாட் சாதனம் வைத்தார்கள். அதன் பிறகுதான், 2006இல், 350 கிலோவாட் காற்றாலை. சுமார் ஒன்றரைக் கோடி ரூபாய். பெரும்பகுதி வங்கிக் கடன். ஊருக்குப் போக மிஞ்சிய மின்சாரத்தை வாரியத்துக்கே விற்றார்கள். பத்து வருடம் ஒரே ரசீதை விடாமல் துரத்தியதன் விளைவு அது. முதல் வருடமே காற்றாலையைப் பற்றி யோசிக்க அவருக்கு நேரம் கிடைத்திருந்தாலும் பயன் இருந்திருக்காது. அதற்கு முந்தைய இரண்டு வேலைகள் கற்றுக்கொடுத்ததை யோசனை மட்டும் கற்றுக்கொடுக்காது.

ஆகவே உங்களுக்கு நான் சொல்வது ஒன்று. குளம், பீடி, பள்ளிக்கூடம் மூன்றையும் ஒன்றாகச் சுமக்காதீர்கள். குளத்தை எடுத்துக்கொள்ளுங்கள். எந்தப் புகாருக்குப் போனாலும் திரும்பி வரும்போது குளத்தங்கரை வழியாக வாருங்கள். மடை எப்படி இருக்கிறது, மறுகால் கல் பெயர்ந்திருக்கிறதா, வரத்துக்கால் எங்கே அடைபட்டிருக்கிறது என்று ஒவ்வொரு முறையும் ஒன்றைப் பார்த்துக் குறித்து வையுங்கள். கைப்பேசியை மட்டும் அந்த நேரத்துக்கு உங்கள் செயலரிடம் கொடுத்துவிடுங்கள். அந்தச் சிறு பொழுதில் ஊர் ஒன்றும் ஆகிவிடாது. எனக்கு யோசனை பிறந்ததெல்லாம் கரையில் நடக்கும்போதுதான். நாற்காலியில் உட்கார்ந்து ஒன்றும் தோன்றியதில்லை.

பதில் 2
ஓய்வுபெற்ற ஊராட்சிச் செயலர், தஞ்சாவூர் மாவட்டம்

தலைவர் அவர்களுக்கு வணக்கம். பல தலைவர்களிடம் வேலை பார்த்தவன் என்ற முறையில் சில நடைமுறை விஷயங்களைச் சொல்கிறேன். மேலே எழுதியவர் மனத்தைப் பற்றிச் சொன்னார். நான் நாட்காட்டியைப் பற்றிச் சொல்கிறேன், ஏனென்றால் நல்ல யோசனை பலவும் தேதி தவறியதால் வீணானதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

கிராம சபை இப்போது வருடத்துக்கு ஆறு முறை: சனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. அடுத்த நிதியாண்டுக்கான வளர்ச்சித் திட்டப் பணி அக்டோபர் 2இல் தொடங்கி டிசம்பர் முடிவதற்குள் நடக்கும். இந்த மூன்று மாதத்துக்குள் உங்கள் யோசனை தீர்மானப் புத்தகத்தில் ஏறவில்லை என்றால் இன்னும் ஒரு வருடம் காத்திருக்க வேண்டும். பல தலைவர்கள் சனவரியில் அருமையான யோசனையோடு வருவார்கள். "ஐயா, பட்டியல் போய்விட்டதே" என்று சொல்லும்போது எனக்கே வருத்தமாக இருக்கும்.

எனவே யோசிக்கும் காலத்தைப் பின்னாலிருந்து கணக்கிடுங்கள். அக்டோபரில் மக்கள் முன் வைக்க வேண்டும் என்றால் ஆகஸ்ட் 15 கூட்டத்தில் பேச்சைத் தொடங்கிவிட வேண்டும். அதற்கு ஆனி, ஆடியில் இடத்தை அளந்து, ஒன்றியப் பொறியாளரை அழைத்து வந்து காட்டி, உத்தேச மதிப்பீடு வாங்கியிருக்க வேண்டும். இந்தத் தேதிகளைச் சுவர் நாட்காட்டியில் சிவப்பு மையால் வட்டமிட்டு வைத்தால், ஆய்வுக் கூட்டம் போல இதுவும் தவிர்க்க முடியாத வேலையாகிவிடும். யோசிப்பதற்கு யாரும் நமக்கு அழைப்புக் கடிதம் அனுப்ப மாட்டார்கள். அந்தக் கடிதத்தை நாமே எழுதிக்கொள்ள வேண்டியிருக்கிறது.

பணத்தைப் பற்றியும் ஒரு சொல். பதினைந்தாவது நிதிக்குழு 2021 முதல் ஐந்தாண்டுகளுக்குப் பரிந்துரைத்த மானியத்தில் 60 சதவீதத்தைக் குடிநீருக்கும் சுகாதாரத்துக்கும் மட்டுமே செலவிட வேண்டும் என்று கட்டுப்பாடு இருந்தது; 40 சதவீதத்துக்குத்தான் அந்தக் கட்டுப்பாடு இல்லை. கையைக் கட்டிவிட்டார்கள் என்று தலைவர்கள் குறைப்படுவார்கள். குடிநீர்ப் பங்கில் மழைநீர் சேமிப்பும் அடங்கும் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. கிணறு ஊறுவதற்கான வேலையை அதில் எடுக்க முடியுமா என்று பொறியாளரோடு உட்கார்ந்து பேசுங்கள். நிதி இல்லை என்று கைவிட்ட யோசனைகளில் சில, சரியான தலைப்பில் கேட்காததால் கைவிடப்பட்டவை.

உங்கள் குளம் யாருடையது என்பதையும் முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள். 40 ஹெக்டேருக்குக் குறைவான ஆயக்கட்டு, அதாவது பாசனப் பரப்பு, உள்ளவை ஊராட்சி ஒன்றியத்தின் பொறுப்பு, அதற்கு மேல் நீர்வளத் துறை. மனுவைத் தவறான வாசலில் கொடுத்துவிட்டுப் பதிலுக்குக் காத்திருந்தே பதவிக்காலம் முடிந்தவர்கள் உண்டு.

கடைசியாக, புகார்ப் பதிவேடு. உங்கள் செயலரிடம் சொல்லி, கடந்த இரண்டு வருடத் தண்ணீர்ப் புகார்களையும் பழுதுச் செலவு ரசீதுகளையும் தெரு வாரியாக, மாத வாரியாக ஒரு தாளில் எழுதித் தரச் சொல்லுங்கள். ஒரு பகல் வேலை. அந்தத் தாளைப் பார்க்காமல் எதையும் திட்டமிடாதீர்கள்.

பதில் 3
வார்டு உறுப்பினர், ராணிப்பேட்டை மாவட்டம்

அக்கா, நானும் 2021இல் வந்தவள்தான், வார்டு உறுப்பினராக. மேலே இருவர் சொன்னதும் பயனுள்ளவை. ஆனால் இருவருமே தலைவர் தனியாக யோசிப்பதைப் பற்றித்தான் பேசுகிறார்கள். எனக்கு அதில் மனம் ஒப்பவில்லை.

விடியும் முன்பே எல்லா அழைப்பும் ஏன் உங்களுக்கு வருகிறது? அந்தத் தெருவுக்கு ஒரு வார்டு உறுப்பினர் இருப்பார் அல்லவா? எங்கள் ஊராட்சியிலும் இப்படித்தான் இருந்தது. மக்கள் தலைவரைத்தான் கூப்பிடுவார்கள். தலைவரும் தானே ஓடுவார். நாங்கள் மாதம் ஒரு முறை கூட்டத்துக்குப் போய்க் கையெழுத்துப் போட்டுவிட்டு வருவோம். ஐந்து வருடம் கழித்து மறுபடியும் ஓட்டுக் கேட்டுப் போனால் என்ன செய்தாய் என்று மக்கள் கேட்பார்களே, அதற்கு நான் என்ன சொல்வேன் என்று நினைக்கும்போது இரவில் தூக்கம் வராது.

ஊராட்சிக்கு நியமனக் குழு, வளர்ச்சிக் குழு, வேளாண்மை மற்றும் நீர்வடிப்பகுதி மேலாண்மைக் குழு, பணிக் குழு, கல்விக் குழு என்று ஐந்து குழுக்கள் இருக்க வேண்டும். பெரும்பாலான ஊர்களில் இவை தாளில் இருக்கும். யார் எந்தக் குழுவில் என்று உறுப்பினர்களுக்கே நினைவிருக்காது. எங்கள் தலைவரிடம் நான் போய்க் கேட்டேன்: "பணிக் குழுவை எங்களிடம் உண்மையாகவே கொடுங்கள். விளக்கும் தண்ணீரும் வாறுகாலும் நாங்கள் பார்க்கிறோம். முடியாததை மட்டும் உங்களிடம் கொண்டு வருகிறோம்." அவர் தயங்கினார். தவறு நடந்தால் பெயர் தனக்குத்தானே கெடும் என்றார், அது நியாயமான பயம். சிறிய பழுதுக்கு இவ்வளவு வரை செயலரோடு பேசி உடனே செய்யலாம், அதற்கு மேல் தலைவரிடம் கேட்க வேண்டும் என்று மன்றத்தில் ஒரு வரம்பு தீர்மானித்தோம். ஒவ்வொரு தெருவிலும் வார்டு உறுப்பினரின் எண்ணை எழுதி வைத்தோம். முதலில் சில வாரங்கள் மக்கள் அப்போதும் தலைவரையே அழைத்தார்கள். அவர் கோபப்படாமல், "உங்கள் மெம்பரிடம் சொல்லுங்கள், அவர் பார்த்துக்கொள்வார்" என்று ஒவ்வொருவருக்கும் சொன்னார். அதைச் சொல்லிக்கொண்டே இருந்தார் பாருங்கள், அங்கேதான் மாறியது.

பீடி சுற்றும் பெண்களைப் பற்றி எழுதியிருந்தீர்கள். அதைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் அப்படியே இருந்தேன், எங்கள் பக்கமும் பீடி உண்டு. அந்தத் திட்டத்தை நீங்கள் ஏன் தனியாக எழுத வேண்டும்? ஊரில் மகளிர் சுய உதவிக் குழுக்கள் இருக்கும். யார் எவ்வளவு சுற்றுகிறார்கள், வாரக் கூலி எவ்வளவு, பிள்ளைகள் எது வரை படிக்கிறார்கள், வேறு என்ன கைத்தொழில் தெரியும் என்பது உங்களைவிட அவர்களுக்கு நுணுக்கமாகத் தெரியும். ஒரு மாலை அவர்களைக் கூட்டி வைத்துக் கேளுங்கள், நீங்கள் குறைவாகப் பேசுங்கள். பத்தாம் வகுப்புப் பிள்ளைகளையும் கூப்பிடுங்கள். அவர்கள் எதிர்காலத்தைப் பற்றி அவர்களிடம் யாருமே கேட்பதில்லை.

கேட்டவரின் மறுமொழி

மூவருக்கும் நன்றி. படித்ததும் உடனே பதில் எழுதாமல் சிலவற்றைச் செய்துவிட்டு எழுதுகிறேன்.

செயலரிடம் சொல்லி அந்தத் தாளைத் தயாரித்தோம். ஐயா சொன்னபடி தெரு வாரியாக, மாத வாரியாக எழுதிப் பார்த்தபோது கிழக்கே இருக்கும் இரண்டு ஆழ்துளைக் கிணறுகளின் பெயர்தான் திரும்பத் திரும்ப வருகிறது, அதுவும் சித்திரை, வைகாசியில். அந்த மோட்டார்களைப் பழுது பார்க்க இதுவரை கொடுத்த பணத்தைக் கூட்டினால் வரத்துக்காலில் பாதி தூரம் முள்ளை வெட்டியிருக்கலாம் போலத் தோன்றுகிறது. அண்ணாச்சி சொன்ன கதை எங்கள் ஊரிலும் அப்படியே இருக்கிறது.

ராணிப்பேட்டைச் சகோதரி எழுதியதை எங்கள் உறுப்பினர்களிடம் வாசித்துக் காட்டினேன். இருவர் உடனே முன்வந்தார்கள். ஒருவர் மட்டும், "எல்லாவற்றையும் எங்கள் தலையில் கட்டிவிட்டு நீங்கள் என்ன செய்யப் போகிறீர்கள்?" என்று கேட்டார். குளத்தை நிறைக்கப் போகிறேன் என்று சொன்னேன். மற்றவர்கள் சிரிக்கவில்லை, அது எனக்குத் தெம்பாக இருந்தது. பணிக் குழுவுக்கு வரம்பு வைத்து அடுத்த மன்றக் கூட்டத்தில் தீர்மானம் கொண்டு வருகிறோம். செவ்வாய்க்கிழமை முற்பகல் அலுவலகத்தில் இருக்க மாட்டேன், குளத்துப் பக்கமோ குழுப் பெண்களோடோ இருப்பேன் என்று செயலரிடம் சொல்லியாயிற்று. தண்ணீர் அடியோடு நின்றுபோனால் மட்டும் அழைக்கச் சொல்லியிருக்கிறேன்.

இப்போது புதிய சிக்கல் ஒன்று. வரத்துக்காலில் அடைப்பு இருக்கும் இடம் எங்கள் எல்லையில் இல்லை, பக்கத்து ஊராட்சியில் இருக்கிறது. அந்தத் தலைவரும் நானும் ஒன்றியத்தில் எதிரெதிர் அணி. ஒரே கூட்டத்தில் உட்கார்ந்தாலும் வணக்கத்தோடு சரி. எங்களுக்குத் தண்ணீர் வர அவர் ஊரில் முள் வெட்ட வேண்டும் என்று எப்படிப் போய்க் கேட்பது?

பதில் 1 எழுதியவர்

தங்கையே, ஒன்றிய அலுவலகத்தில் வைத்து இதைப் பேசாதீர்கள். அங்கே அவரவர் அணிக்காரர்கள் சுற்றி நிற்பார்கள், அவர் சரி என்று சொல்ல நினைத்தாலும் சொல்ல முடியாது. அவர் வீட்டுக்குப் போங்கள், உங்கள் ஊர்ப் பெரியவர் ஒருவரையும் கூட்டிக்கொண்டு.

வெறும் கையோடும் போகாதீர்கள். கிராம நிர்வாக அலுவலரிடம் கிராம வரைபடம் இருக்கும். அதில் வரத்துக்கால் எந்தச் சர்வே எண்களில் போகிறது என்று பார்த்து, இரண்டு ஊரையும் ஒன்றாக ஒட்டி ஒரு படம் வரைந்துகொள்ளுங்கள். வாய்க்கால் அடைந்து கிடந்தால் மறுகால் தண்ணீர் அவர் ஊரில்தான் எங்கேயாவது தேங்கும். எந்த வயல் மூழ்குகிறது, எந்தத் தெருவில் தண்ணீர் ஏறுகிறது என்று முன்கூட்டியே விசாரித்து வையுங்கள். எங்களுக்குத் தண்ணீர் வேண்டும் என்று தொடங்காமல், உங்கள் ஊரில் இந்த இடத்தில் தண்ணீர் நிற்கிறதாமே என்று தொடங்குங்கள். இரண்டு ஊராட்சியும் ஒரே நேரத்தில் கிராம சபையில் தீர்மானம் போட்டு ஒன்றியத்துக்கு அனுப்பினால் அதற்குள்ள கனமே வேறு.

ஐப்பசி மழைக்கு முன்னால் இருவரும் சேர்ந்து ஒருமுறை வாய்க்கால் வழியே நடந்துவிடுங்கள். மழை இறங்கிவிட்டால் கரையில் நின்று பார்க்கத்தான் முடியும், உள்ளே இறங்கி எங்கே மேடு, எங்கே பள்ளம் என்று அளக்க முடியாது.